மல்கம் எக்ஸ் அழிக்காமல் விட்ட பக்கங்கள்

மல்கம் எக்ஸின் சுயசரிதையைப் பற்றி நம்மவர் மத்தியில் பேச்சு எங்கே தொடங்கினாலும் மக்காவில்தான் போய் முடியும். 1964 ஏப்ரலில் ஹஜ்ஜுக்குச் சென்ற அவர், வெள்ளை நிறத்தவரோடு ஒரே தட்டில் உண்டதைப் பற்றி எழுதிய கடிதம் நமது மேடைகளில் அத்தனை பிரபலம். நல்ல கடிதம்தான். ஆனால் அதை மட்டும் வாசிச்சுப்போட்டு நூலை மூடினால், மிஞ்சுவது நமக்கு வசதியான ஒரு மல்கம்.

நூல் உருவான விதத்தைப் பாருங்கள். 1963இல் அலெக்ஸ் ஹேலியிடம் தன் கதையைச் சொல்லத் தொடங்கியபோது அவர் நேஷன் ஒஃப் இஸ்லாம் இயக்கத்தின் முன்னணிப் பேச்சாளர். வெள்ளையர் யாவரும் ஷைத்தான்கள் என்று போதித்தவர். 1964 மார்ச்சில் இயக்கத்தை விட்டு விலகினார். பிறகு, தலைவர் எலிஜா முஹம்மதைப் புகழ்ந்த அத்தியாயங்களைத் திருத்த முனைந்தார். முடிவை முன்கூட்டியே காட்டினால் வாசகருக்குக் கதையில் பிடிப்பு இராது என்று ஹேலி தடுத்தார். யோசித்துப் பார்த்த மல்கம், முன்பு சொன்னது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். பின்னுரையில் ஹேலியே இதைச் சொல்கிறார்.

என் பார்வையில் நூலின் பலமே இதுதான். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் காட்டுகிறது. 1931இல் லான்சிங் நகரில் தந்தை டிராம் வண்டியில் அடிபட்டு இறக்கிறார். வெள்ளை இனவெறியர் செய்த கொலை என்றே குடும்பம் நம்பியது. சட்டத்தரணியாக விரும்பிய கெட்டிக்கார மாணவனிடம் தச்சுவேலை பழகு என்கிறார் ஆசிரியர். இதெல்லாம் தெரியாமல் மக்காக் கடிதத்தின் கனம் எப்படி விளங்கும்?

ஹஜ்ஜோடு அவர் போராட்டம் ஓயவுமில்லை. வெள்ளையர் எல்லோரையும் ஒரே தராசில் நிறுப்பதை விட்டார், அமெரிக்காவை மன்னித்துவிடவில்லை. ஜூலையில் கெய்ரோவில் கூடிய ஆபிரிக்கத் தலைவர்களிடம், கறுப்பின மக்களின் பிரச்சினையை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டு செல்லும்படி கேட்டார்.

நூலில் குறையும் உண்டு. ஹஜ்ஜுக்குக் காசு கொடுத்தவர் தந்தையின் முதல் தாரத்து மகளான ராத்தா எலா கொலின்ஸ். தானும் ஹஜ்ஜுக்குப் போகச் சேமித்துக்கொண்டிருந்தவர். அப்படியொரு ராத்தா இருந்தும், பெண்களைப் பற்றி அவர் பொதுவாகச் சொல்லும் கருத்துகள் வாசிக்கவே கூச்சமாக இருக்கு.

1965 பெப்ரவரி 21இல் நியூயோர்க்கில் பேச எழுந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். நேஷன் ஒஃப் இஸ்லாமைச் சேர்ந்த மூவர் தண்டிக்கப்பட்டனர்; அவர்களில் இருவரின் தண்டனையை 2021இல் நீதிமன்றம் நீக்கியது. ஒருவர் அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார். நிறத்தால் பிளந்த நாட்டில், ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே இன்னொரு பிளவு. பழைய தலைவரைப் புகழ்ந்த பக்கங்களை மல்கம் கிழித்திருந்தால், அந்தப் பிளவு எவ்வளவு நெருக்கமானவர்களுக்கிடையே வந்தது என்பது நமக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆகவே முதல் அத்தியாயத்திலிருந்தே வாசியுங்கள். மக்கா தன்பாட்டில் வரும்.