பாமாவின் ‘சங்கதி’யில் வீட்டுப் பேறுகாலமும் பாதுகாப்பும்

முன்னுரை

விருதுநகர் மாவட்டம் புதுப்பட்டியில் பிறந்த பாமா, ‘கருக்கு’ (1992) நூலுக்குப் பின் எழுதியது ‘சங்கதி’ (1994). தலித் பெண்களின் வாழ்வை அவர்தம் பேச்சுமொழியிலேயே சொல்லும் இப்புதினம், பேறுகாலம் பார்க்கும் பாட்டி ஒருத்தியை முன்னிறுத்தித் தொடங்குகிறது. இப்பகுதியைப் பெண்களின் மனவலிமைக்குச் சான்றாகக் கொள்வது எளிது. அவ்வலிமை எத்தகைய பாதுகாப்பின்மையை ஈடுசெய்ய நேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மருத்துவச்சியின் கை

வெள்ளையம்மாக் கிழவி தன் தெருவில் நிகழும் பேறுகளையெல்லாம் பார்ப்பவள். ஆதிக்க சாதியினர் சிலர் மட்டும் அவளது சாதி கருதி அழைப்பதில்லை. பேற்றுவலியின்போதும் கையின் திறனுக்கு முன் கைக்குரியவளின் பிறப்பே பார்க்கப்படுகிறது. ஊர் தர மறுத்த மதிப்பை எழுத்தில் அவளுக்கு மீட்டளிப்பது பாமாவின் முதன்மையான சாதனை. எனினும் உதிரப்போக்கு கட்டுக்கடங்காமற் போனாலோ, குழந்தை குறுக்கே கிடந்தாலோ வேண்டப்படுவன குருதியும் அறுவை அரங்கும். எத்துணைத் தேர்ந்த கையும் அவற்றுக்கு ஈடாகாது.

புல்லறுத்த அரிவாள்

புல்லறுக்கச் சென்ற ஒருத்தி வயலிலேயே பெற்று, அதே அரிவாளால் தொப்புள்கொடியை அறுத்துவிட்டு, குழந்தையோடும் புற்கட்டோடும் வீடு திரும்பிய நிகழ்வைப் புதினம் பெருமிதத்துடன் கூறுகிறது. அப்பெருமிதம் உழைக்கும் பெண்ணுக்கு உரியது; அரிவாளுக்கு உரியதன்று. மண்ணில் வாழும் நுண்ணுயிர் அறுபட்ட கொடிவழிப் புகுந்தால் பச்சிளங்குழந்தைக்கு இசிவுநோய் உண்டாகும். தூய கை, தூய விரிப்பு, தூய அலகு, தூய நூல், தூய கொடிமுனை என ஐந்து தூய்மைகளை மருத்துவச்சியர்க்குக் கற்பித்ததன் காரணம் இதுவே. தாய்சேய் இசிவுநோய் ஒழிப்பை இந்தியா எட்டியது 2015இல்தான். நிறைசூலியைப் புல்லறுக்க அனுப்பிய வறுமையை மறந்துவிட்டு அக்காட்சியை வீரமாக மட்டும் கொள்வது குறைவாசிப்பாகும்.

திட்டமிட்ட வீட்டுப் பேறு

இங்கிலாந்தில் இடர்ப்பாடு குறைந்த ஏறத்தாழ 64,500 பெண்களை ஆராய்ந்த ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. முன்பே குழந்தை பெற்றவர்கள் வீட்டுப் பேற்றைத் தேர்ந்தபோது குழந்தைக்குக் கூடுதல் தீங்கு காணப்படவில்லை. தலைப்பேற்றிலோ கடுந்தீங்கு ஆயிரத்துக்கு 5.3 என்னும் மருத்துவமனை அளவினின்று 9.3 ஆக உயர்ந்தது. வீட்டில் தொடங்கிய தலைப்பேற்றுப் பெண்களுள் 45 விழுக்காட்டினர் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். பயின்ற மருத்துவச்சி, முன்கூட்டிய இடர்த்தேர்வு, விரைந்து சென்றடையத்தக்க மருத்துவமனை என்னும் மூன்றும் அமைந்த இடத்தில் கிடைத்த முடிவு இது.

‘சங்கதி’யின் பேறுகளில் இம்மூன்றும் ஒருங்கே அமையவில்லை. ஆகவே ‘வீட்டுப் பேறு’ என்னும் ஒரே சொல் தெரிவையும் குறிக்கிறது, தெரிவின்மையையும் குறிக்கிறது. பாட்டி காலத்தில் அனைவரும் வீட்டில்தானே பெற்றனர் என்னும் இற்றை வாதம் இவ்வேறுபாட்டை அழித்துவிடுகிறது. காணொளியைத் துணைக்கொண்டு வீட்டிலேயே பேறு பார்க்க முயன்றதில் 2018இல் திருப்பூரில் ஒரு தாய் உயிரிழந்ததாக வந்த செய்தி அதன் விளைவைக் காட்டும்.

மைக்கண்ணியின் கூலி

தாய் பெறும்போதெல்லாம் தீப்பெட்டி ஆலைக்குச் சென்று குடும்பத்தைக் காக்கிறாள் சிறுமி மைக்கண்ணி. தாயின் ஓய்வுக்கான விலையைக் குழந்தையின் விரல்கள் செலுத்துகின்றன. சிவகாசி வட்டாரத் தீப்பெட்டித் தொழிலின் நிழலில், பேறுகாலப் பாதுகாப்பு என்பது கொடி அறுத்தவுடன் முடிவதன்று. அதற்குப் பின்வரும் வாரங்களின் உணவையும் கூலியையும் உள்ளடக்கியது என்பதைப் புதினம் வெளிப்படச் சொல்லாமலே உணர்த்துகிறது. வெள்ளையம்மாளையும் மைக்கண்ணியையும் இணைத்து வாசித்தாலன்றி இது புலப்படாது.

முடிவுரை

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி தமிழகப் பேறுகளில் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நிகழ்கின்றன. 2018–20இல் தாய்மார் இறப்பு ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 54. இந்திய அளவு 97. இம்மாற்றத்தில் உயிர்கள் மீண்டன. உடனிருந்த அறிந்த முகம் விலகிற்று. மகப்பேற்றுச் செவிலியர்க்குத் தனிப்பயிற்சி அளிக்க 2018இல் நடுவண் அரசு வகுத்த நெறிமுறைகள் அவ்விடைவெளியை மருத்துவமனைக்குள்ளேயே நிரப்ப முனைகின்றன. வீட்டுக்குத் திரும்புக என்று ‘சங்கதி’ கூறவில்லை. வெள்ளையம்மாளின் பரிவு சாதி பாராது பேற்றறைக்குள் வரவேண்டும் என்பதே அதன் வாசிப்பு இன்று எழுப்பும் கோரிக்கை.