மூலமும் இடைச்செருகலும்

மூலம், உரை, பாடவேறுபாடு, இடைச்செருகல் ஆகிய சொற்கள் தமிழாசிரியர்க்குப் புதியன அல்ல. உ. வே. சாமிநாதையர் ஏடு பல தேடி ஒப்புநோக்கி, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர் காட்டிய நெறி யாது? கிடைத்த ஓர் ஏட்டையே முற்றும் நம்புதல் கூடாது என்பதாம். அந்நெறி கணினி மென்பொருளுக்கும் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

மென்பொருளுக்கும் மூலம் உண்டு. மனிதர் படிக்கத்தக்க மொழியில் எழுதப்படுவது மூல நிரல். அதனைக் கணினி இயக்கும் வடிவாக மாற்றும் கருவி தொகுப்பி எனப்படும். ஆக்கிமுடித்த வடிவை மட்டும் தருவோர் ஒருசாரார். மூலத்தையும் உடன் வழங்குவோர் மற்றொரு சாரார். 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டம் பின்னவர் வழியை வலுப்படுத்தியது, அத்திட்டத்தின் ஜி.சி.சி. என்னும் தொகுப்பி 1987-இல் வெளிவந்தது. லிட்டில் இந்தியாக் கடைகளில் அரைத்த பொடியை வாங்குவோரும் உளர். மிளகாயும் மல்லியும் தேர்ந்து வாங்கி அரைத்துக்கொள்வோரும் உளர். மூலத்திலிருந்து கருவியைத் தாமே ஆக்கி நிறுவிக்கொள்வோர் இரண்டாம் வகையினர்.

இதனால் தமிழுக்கு வருவது யாது என வினவுவார்க்குச் சிங்கப்பூர் வரலாறே விடை தரும். 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியபோது தமிழும் உடன் ஏறியது. அதற்கு உழைத்தவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி, ‘கணியன்’ அவர்தம் ஆக்கம். அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியேற்ற முறைகளைக் கொண்டிருந்தன. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். இத்தகைய சிக்கல்களை ஆராய 1997 மே மாதத்தில் சிங்கப்பூரிலேயே தமிழிணைய மாநாடு கூடியது. கருவியின் உள்ளமைப்பு மறைந்திருப்பின், அதில் எழுதிய தமிழும் ஒருநாள் படிக்கவியலாது போகும் என்பது அக்காலம் புகட்டிய பாடம்.

எனினும், மூலம் வெளிப்படையாயின் ஐயமே இல்லை எனச் சிலர் கூறுவது மிகைக்கூற்று. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட். யூட்டில்ஸ் என்னும் திறமூலக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் நஞ்சு கலந்திருந்ததை 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் பிராயின்ட் வெளிப்படுத்தினார். ஏறத்தாழ அரை நொடித் தாமதமே அவர்க்கு ஐயத்தை எழுப்பியது. பொதுக் களஞ்சியத்தில் இல்லாத வரிகள், வெளியீட்டுக்கெனத் தொகுத்த கட்டில் மட்டும் இருந்தன. கருவியை ஆக்கும்வேளையில் அவ்வரிகளே சோதனைக் கோப்புகளில் ஒளிந்திருந்த நஞ்சை உட்புகுத்தின. இஃது இடைச்செருகல் அன்றி வேறென்ன? மூலத்திலிருந்து ஆக்குகிறோம் என எண்ணியோரும் ஏமாந்திருப்பர்.

இதனினும் நுண்ணிய ஐயத்தைக் கென் தாம்சன் 1984-இலேயே எழுப்பினார். மூலம் தூயதாயினும், தொகுப்பியே கெட்டிருப்பின் அது தான் ஆக்குவன எல்லாவற்றிலும், தன் வழித்தோன்றலிலும்கூட, அக்கேட்டைப் புகுத்தலாம் என்றார். மிளகாய் தூயதே, அரைக்கும் இயந்திரத்தில் பழைய மாவு ஒட்டியிருப்பின் என் செய்வது? ஜி.சி.சி.யைப் பழைய தொகுப்பியால் ஆக்கி, அதனால் மீண்டும் ஆக்கி, மூன்றாம் முறையும் ஆக்கி, பின்னிரண்டையும் ஒப்பிடுவர். பிழைகளை இவ்வொப்பீடு காட்டும். ஆயின் தாம்சன் கூறிய கேட்டைக் காட்டாது. ஒரே தாயேட்டின் படிகள் ஒத்திருப்பது வியப்பன்று. வேறு மரபைச் சார்ந்த தொகுப்பியைக் கொண்டு ஆக்கி ஒப்பிடுதலே மருந்து என டேவிட் வீலர் 2009-இல் தம் முனைவர்ப்பட்ட ஆய்வில் நிறுவினார். வேறு மரபு ஏட்டைத் தேடும் பதிப்பாசிரியர் வழி இதுவன்றோ!

ஆகவே, மூலம் கிடைப்பது முதற்படி. தாமே ஆக்கிப் பார்ப்பது இரண்டாம்படி. ஒப்புநோக்குவதே முடிந்த படி. தமிழாசிரியர் அனைவரும் நிரல் பயிலவேண்டும் என்பதன்று. எல்லாரும் ஏடு படித்தாரில்லை. படித்தார் சிலரால் நூல்கள் பிழைத்தன. அத்தகைய சிலர் மாணவரிடையே தோன்றவேண்டும். பாடவேறுபாடு பார்க்கப் பழகிய கண்ணே அதற்கு வேண்டிய முதற்கருவி. அதனை வகுப்பறையில் வழங்கவல்லார் தமிழாசிரியரே.