'அபதேயா' என்னுஞ் சொற்பொருள்

கி. மு. 300-ஐ யொட்டி ஏதென்ஸ் நகரத்து ஓவிய மண்டபத்திலே சீனோ என்பார் தொடங்கிய ஸ்தோயிக்க மதம், அறிவுடையோனது நிலையை 'அபதேயா' என வழங்கிற்று. இதற்கு உணர்ச்சியின்மை யெனப் பொருள்கொண்டு, அம்மதத்தார் மனிதனைக் கல்லாக்கினர் எனப் பிற்காலத்தார் பலர் இகழ்வர். அது பொருந்தாது. அவர் விலக்கியன அவா, அச்சம், களிமயக்கம், துயர் என்னும் நான்கே. அறிவுடையோன்பால் நல்விருப்பம், முன்னெச்சரிக்கை, மகிழ்ச்சி என்னும் மூன்றும் உளவென அவரே வகுத்துரைத்தனர். துயர்க்கு நேராக நல்லுணர்ச்சி யொன்றும் வகுக்கப்படாமை ஈண்டு நோக்கற்பாலது.

மயக்கம் மொழிபெயர்ப்பிலேயே உண்டு. இச்சொல்லை இலத்தீனில் ஒரு சொல்லாற் பெயர்ப்பின், எதனையுந் தாங்கமாட்டாமை யென்னும் மாறுபட்ட பொருளும் படுமெனச் செனெக்கா தம் ஒன்பதாம் நிருபத்திற் கூறினார்.

அற்றேல், அகஸ்தீனார் 'கடவுள் நகர'த்திற் செய்த மறுப்பு முற்றும் பிழையோவெனின், அன்று. அம்மூன்றினையும் அவர் சிசெரோவின் வாயிலாக அறிந்தே எழுதினார். அவர் மறுப்பு வலியுறுவது இரக்கத்தின்கண். நீரோ மன்னனுக்கு எழுதிய தயை நூலிற் செனெக்கா, இரக்கம் உள்ளத்தின் குற்றமென்றும், அறிவுடையோன் அழுவார்க்கு உதவுவான், உடனழான் என்றும் வரைந்தார். துயர் அறிவை மறைக்கும் என்பதே அவர் காட்டுங் காரணம். அஃது உதவுவோன் பக்கத்து நியாயமேயன்றி, துன்புற்றோன் பக்கத்ததன்று. 1584-இல் அம்மதத்தைப் புதுக்கிய லிப்சியுசு, கிறித்தவர்க்கு இசையுமாறு இரக்கத்தை இரண்டாகப் பிரித்து, உதவ முற்படும் அருளைக் கொண்டு, மனமிளகி வருந்துதலைத் தள்ளினார்; உடனழுதல் அப்பொழுதும் தள்ளுண்ட பக்கத்திலேயே நின்றது.