கறுப்பாகும் கோடு

ஆரிஜினில் மூலையை வைத்து ஒரு செவ்வகத்தை இழுத்துவிட்டுக் கையை எடுத்ததும் சாலிட்வொர்க்ஸ் திரையில் நடப்பது எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கீழ்க்கோடும் இடக்கோடும் அப்போதே கறுப்பு. மேலே உள்ளதும் வலப்பக்கம் உள்ளதும் நீலம். இன்னும் ஒரு டைமென்ஷன்கூடக் கொடுக்கவில்லை. அதற்குள் எது நிலைத்துவிட்டது, எது இன்னும் அசையும் என்று ஸ்கெட்ச் சொல்லிவிட்டது. அகலம் 120 என்று கொடுத்தால் வலக்கோடு கறுக்கும். உயரம் 80 என்று கொடுத்தால் மேலேயுள்ள கோடும் கறுக்கும்.

இதில் நான் மிகவும் ரசிப்பது, 120 கொடுப்பதற்கு முன்பு அந்தக் கீழ்க்கோட்டின் வலது முனை இருக்கும் கோலம். கோடு கறுப்பு, முனைப்புள்ளி மட்டும் நீலம். கோடு ஆரிஜின் வழியாகக் கிடையாகப் போகிறது என்பது முடிவாகிவிட்டதால் அது கறுப்பு. எங்கே முடியும் என்பது முடிவாகாததால் புள்ளி நீலம். அந்தப் புள்ளியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கோட்டின் வழியே மட்டும்தான் நகரும், மேலேயோ கீழேயோ ஒரு மயிரிழைகூட விலகாது. எந்த டைமென்ஷன் பாக்கி என்பதை இதைவிடத் துல்லியமாக எந்த எச்சரிக்கைப் பெட்டியும் சொல்லிவிட முடியாது. வட்டத்திலும் இதே நேர்த்தி உண்டு. மையத்தை இரண்டு திசையிலும் கட்டிவிட்டு விட்டத்தைக் கொடுக்காமல் விட்டால் மையம் கறுத்திருக்கும், சுற்று நீலமாக நிற்கும்.

பச்சையை ரசிப்பவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கேட்டியா வி5-இல் வளர்ந்த நண்பர்களுக்கு வெள்ளைக் கோடு பச்சையாவதுதான் அழகு. ஃப்ரீகேட் பழகியவர்களுக்கும் அப்படித்தான். இருண்ட பின்னணியில் பச்சை எடுப்பாகத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் ஃப்ரீகேடின் பழைய பதிப்புகளில் கடைசிக் கன்ஸ்ட்ரெயின்ட் விழும்வரை எல்லாம் வெள்ளையாகவே இருக்கும். அது விழுந்ததும் மொத்த ஸ்கெட்சும் ஒரே அடியாகப் பச்சையாகும். நாற்பது கோடுள்ள ஸ்கெட்சில் முப்பத்தொன்பது சரியாக இருந்தாலும் அந்த ஒன்று எது என்று நிறத்தை வைத்துத் தெரியாது. கட்டுண்ட கோடுகளைத் தனித்தனியே நிறம் பிரித்துக் காட்டும் வசதி பின்னால்தான் வந்தது. வந்த பிறகு அதுவும் நல்ல ஸ்கெட்சர். என் கட்சி இதுதான்: நிறம் கோடு கோடாகப் பேச வேண்டும்.

இன்னொரு விஷயத்திலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. கோட்டின் நிலையைச் சொல்லும் நிறமும், நாம் அதைத் தொட்டோம் என்று சொல்லும் அடையாளமும் ஒன்றோடொன்று மோதவே கூடாது. ஃப்ரீகேடில் கர்சர் மேலே போனால் மஞ்சள், கிளிக் செய்தால் பச்சை. முழுதும் கட்டுண்டதற்கும் பச்சை. சாயல் வேறுதான், ஆனால் மாலை ஆறு மணிக்குக் களைத்த கண்ணுக்கு இரண்டு பச்சையும் ஒன்றுதான். சாலிட்வொர்க்ஸும் இந்தக் குறைக்குத் தப்பவில்லை. பழைய பதிப்புகளில் தேர்ந்தெடுத்த கோடு பளிச்சென்று பச்சையாகும். ஸ்கெட்சின் நீலத்தோடும் கறுப்போடும் அது குழம்ப வழியே இல்லை. அதை வெளிர்நீலமாக மாற்றினார்கள். கட்டுப்படாத நீலத்துக்குப் பக்கத்திலேயே தேர்ந்தெடுத்த வெளிர்நீலம்! ஆப்ஷன்ஸில் மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். மாற்றிக்கொள்ளலாம்தான், ஆனால் பக்கத்து மேசைக்காரர் திரையைப் பார்த்தால் வேறு மொழி பேசும்.

இந்த விஷயத்தில் பழைய ஆட்டோகேடுக்கு நிகரில்லை. அங்கே நிறம் லேயருக்குச் சொந்தம். சுவர் ஒரு நிறம், சென்டர் லைன் ஒரு நிறம், டைமென்ஷன் ஒரு நிறம். ஆகவே தேர்ந்தெடுத்த கோட்டின் நிறத்தைத் தொடாமல் அதைப் புள்ளிக்கோடாக மட்டும் காட்டினார்கள். சிவப்பு லேயர் சிவப்பாகவே இருக்கும், உடைந்து உடைந்து தெரியும், நடுவே நீலக் கிரிப்புகள். 2015 பதிப்பில் கோட்டின் மேல் தடித்த நீல ஒளி பூசும் பழக்கம் வந்தது. இளையவர்களுக்கு அது பிடித்தது. ஹிடன் லைனையும் தேர்ந்தெடுத்த கோட்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் உண்டு. இருந்தும் ‘செலக்‌ஷன்எஃபெக்ட்’ என்று அடித்து 0 கொடுத்துப் புள்ளிக்கோட்டுக்குத் திரும்பிய ஆட்களில் நானும் ஒருவன்.

1963-இல் ஐவன் சதர்லாண்ட் எம்.ஐ.டி.யில் ஸ்கெட்ச்பேடைச் செய்தபோது திரையில் நிறமே கிடையாது. ஒளிப்பேனா, கோடு, அதன் மேல் கட்டுப்பாடுகள், அவ்வளவுதான். இணை, செங்குத்து, சமநீளம் என்று நாம் இன்று அழுத்தும் பட்டன்களின் மூலம் அங்கே இருக்கிறது. கோட்டின் சுதந்திரத்தை அவர் கணக்காக்கினார். அந்தக் கணக்கைப் பார்த்தவுடன் புரியவைத்தது பின்னால் வந்த நிறம்.

நான் தொழில் பழகிய ஆபீஸில் ஒரு மூத்த டிசைனர் இருந்தார். ஸ்கெட்சைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். ஃபீச்சர் ட்ரீயில் ஸ்கெட்ச் பெயருக்கு முன்னால் அடைப்புக்குள் அந்தக் கழித்தல் குறி இருந்தால் போதும், ஃபைல் திரும்பி வந்துவிடும். பம்ப் கேசிங்கின் குறுக்குவெட்டில் ஒரே ஒரு ஆர்க்கின் முனை நீலமாக மிஞ்சினாலும் அதை இழுத்துக் காட்டி, இந்த இடத்தில் சுவர் கனம் எவ்வளவு என்று கேட்பார். அந்த நீலத்துக்குப் பின்னால் எப்போதும் வடிவமைத்தவன் பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்வி இருக்கும்.

இன்று அந்தக் கேள்வியைக் கேட்காமலே கறுப்பை வாங்கிவிடுகிறார்கள். ‘ஃபுல்லி டிஃபைன் ஸ்கெட்ச்’சை அழுத்தினால் மென்பொருளே இஷ்டத்துக்கு டைமென்ஷன்களைப் போட்டுத் தருகிறது, 37.482 என்று. அதற்கும் பொறுமை இல்லாதவர்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ‘ஃபிக்ஸ்’ போடுகிறார்கள். திரை கறுக்கிறது, ஸ்கெட்ச் ஊமையாகிறது. ஆறு மாதம் கழித்துப் பாதை 5 மில்லிமீட்டர் அகலமாக வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கும்போது ஒரு கோடும் நகர மறுக்கும்.

புதிதாக வருபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். எக்ஸ்ட்ரூடை அழுத்தும் முன் நீலமாக இருப்பதைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பாருங்கள். எப்படி நகர்கிறது என்று கவனித்து, அதற்கு வேண்டிய அளவை நீங்களே யோசித்துக் கொடுங்கள்.