ஒரு வாக்கியமும் மூன்று தீர்ப்புகளும்

உங்கள் மருத்துவக் காப்பீடு உங்களுக்குப் பிடித்திருந்தால் அதை நீங்கள் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். 2008ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிட்ட பராக் ஒபாமா, தாம் கொண்டுவரவிருந்த மருத்துவத் திட்டத்தைக் குறித்து மக்களுக்கு அளித்த உறுதிமொழியின் சாரம் இவ்வளவே. அதே ஆண்டு அக்டோபரில் 'பாலிட்டிஃபாக்ட்' என்னும் செய்திச் சரிபார்ப்பு அமைப்பு இவ்வாக்கியத்தை ஆராய்ந்து 'உண்மை' என்று முத்திரையிட்டது. 2009இலும், மீண்டும் 2012இலும் 'பாதி உண்மை' என்றது. 2013 டிசம்பரிலோ அவ்வாண்டின் மாபெரும் பொய்யாக இதனையே தேர்ந்தெடுத்து அறிவித்தது. சொன்னவர் மாறவில்லை, சொல்லும் பெரிதாக மாறவில்லை. தீர்ப்பு மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

இதனை ஓர் அமைப்பின் தடுமாற்றம் என்று ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. தேர்தல் வாக்குறுதிகளை ஊடகங்கள் சோதிக்கும் முறையிலேயே உள்ள ஒரு குறை இங்கே வெளிப்படுகிறது.

பாலிட்டிஃபாக்ட், ஃபுளோரிடா மாநிலத்தின் 'செயின்ட் பீட்டர்ஸ்பர்க் டைம்ஸ்' நாளிதழால் 2007இல் தொடங்கப்பட்டது. 2008 தேர்தலில் ஆற்றிய பணிக்காக 2009இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அரசியல்வாதிகளின் கூற்றுகளை அளக்க அது 'உண்மைமானி' ஒன்றை வகுத்துக்கொண்டது. வெப்பமானியில் பாதரசம் ஏறி இறங்குவதுபோல, இதில் ஒரு முள் 'உண்மை' என்பதிலிருந்து 'பொய்' வரை நகரும். அதற்கும் கீழே ஒரு படி உண்டு. பொய் சொன்னவன் காற்சட்டையில் தீப்பிடிக்கும் என்று அந்நாட்டுச் சிறுவர்கள் கேலி பேசுவார்கள். அந்தக் கேலியே கடைசிப் படியின் பெயர். அதிபர் பதவிக்கு வரும் ஒருவரைச் சிறுவர் விளையாட்டின் மொழியால் அளப்பது தகுமா என்று நமக்கு ஐயம் எழுவதுண்டு. ஆயினும் அம்முத்திரையின் கவர்ச்சியை மறுப்பதற்கில்லை. கட்டுரையைப் படிப்பவர் சிலர். முள் நிற்கும் இடத்தைப் பார்ப்பவர் பலர்.

இவ்வமைப்பு ஒருதலைப்பட்சமானது என்ற குற்றச்சாட்டை மிகுதியும் எழுப்புவோர் குடியரசுக் கட்சியினர். அவர்கள் சுட்டும் சான்று வலுவற்றதன்று. 2010 சனவரி தொடங்கி ஓராண்டுக் காலத்தில் வெளிவந்த தீர்ப்புகளை மின்னசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் 2011இல் தொகுத்துப் பார்த்தார். சோதனைக்கு எடுத்த கூற்றுகள் இரு கட்சிகளிடமிருந்தும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் இருந்தன. ஆனால் 'பொய்' என்றும் அதற்குக் கீழும் தீர்ப்புப் பெற்றவற்றில் முக்கால் பங்கு குடியரசுக் கட்சியினருடையவை. இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். அக்கட்சியினர் அதிகம் பொய் பேசினர் என்பது ஒன்று. அவர்களுடைய கூற்றுகளில் பொய்யாகத் தோன்றுபவையே அதிகம் பொறுக்கியெடுக்கப்பட்டன என்பது மற்றொன்று. எது சரி என்று அந்த எண்ணிக்கையால் மட்டும் சொல்ல இயலாது. நாள்தோறும் பேசப்படும் ஆயிரமாயிரம் வாக்கியங்களில் எதனைத் தராசில் வைப்பது என்பதற்குத் துல்லியமான அளவுகோல் இல்லை. அது செய்தியறையில் அமர்ந்திருக்கும் சிலரின் மனச்சாய்வுக்கு விடப்பட்டது.

வாக்குறுதிக் கணக்கிலும் இதுவே நிலை. ஒபாமாவின் வாக்குறுதிகளில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவற்றை இவ்வமைப்பு பட்டியலிட்டுத் தொடர்ந்து கவனித்தது. டொனால்ட் டிரம்ப் 2016இல் வென்றபோது எடுத்துக்கொண்டவை ஏறத்தாழ நூறு. ஐந்நூறில் சிறிய குழு ஒன்றை அமைப்பது போன்ற எளிய வாக்குறுதிகளும் அடங்கும். நூறாகச் சுருக்கும்போது பெரியனவும் கடினமானவையுமே எஞ்சும். இவற்றின் விழுக்காட்டை அருகருகே வைத்து, இவர் சொல் தவறாதவர், அவர் தவறியவர் என்று கூறுவது, ஒருவனுக்கு எளிய வினாத்தாளும் மற்றவனுக்குக் கடின வினாத்தாளும் கொடுத்துவிட்டு மதிப்பெண்ணை ஒப்பிடுவதாகும்.

இனி அந்த மருத்துவக் காப்பீட்டு வாக்கியத்துக்கே திரும்புவோம். 2008இல் அது 'உண்மை' எனப்பட்டபோது சட்டம் எதுவும் இயற்றப்பட்டிருக்கவில்லை. வேட்பாளர் தம் திட்டத்தைத் தாளில் எவ்வாறு விவரித்திருந்தாரோ, அவ்வாறே மேடையில் பேசினார், ஆகவே உண்மை. அதாவது, அவருடைய சொல்லுக்கு அவருடைய தாளே சாட்சியாயிற்று! வாக்காளர் கேட்டதோ வேறு வினா. 'என் காப்பீடு என்னிடம் இருக்குமா?' என்பதே அவர்தம் கவலை. எதிர்காலத்தைப் பற்றிய அவ்வினாவுக்கு எந்தச் செய்தியாளரும் அன்று விடையளித்திருக்க முடியாது. முடியாது என்பதைச் சொல்ல உண்மைமானியில் ஒரு படி இல்லை.

சட்டம் 2010 மார்ச்சில் கையெழுத்தாயிற்று. அந்நாளில் நடப்பிலிருந்த காப்பீடுகள் தொடரலாம் என்று அது இடமளித்தது உண்மையே. ஆனால், காப்பீட்டு நிறுவனம் கட்டணப் பங்கையோ பயனையோ குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாற்றினால் அப்பாதுகாப்பு நீங்கிவிடும். அதே ஆண்டு சூனில் அரசு வெளியிட்ட விதிமுறையிலேயே ஒரு மதிப்பீடு இருந்தது. பணியிடத்தின் வழியாக அன்றித் தாமாகவே வாங்கியோரின் காப்பீடுகளில் 40 முதல் 67 விழுக்காடு வரை அப்பாதுகாப்பை இழக்கக்கூடும் என்பது அது. இது மறைவாவணம் அன்று. அரசிதழில் எவரும் படிக்கத்தக்கதாய் அச்சிடப்பட்டிருந்தது. இருந்தும் இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒபாமா மறுதேர்தலை எதிர்நோக்கியிருந்த வேளையில், தீர்ப்பு 'பாதி உண்மை' என்றே நின்றது. பெரும்பாலோர் பணியிடத்தின் வழியாகக் காப்பீடு பெற்றவர்கள்; அவர்களுக்கு உடனடி மாற்றமில்லை என்பது அதற்கான நியாயம். அந்நியாயத்தில் பொருள் உண்டு. ஆனால் பாதி என்பது யாருடைய பாதி? காப்பீட்டை இழக்கவிருந்தவருக்கு அது முழுப் பொய். இழக்காதவருக்கு முழு உண்மை. பாதி உண்மை எவர் வீட்டிலும் வாழவில்லை.

2013 இலையுதிர் காலத்தில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் பேருக்குக் காப்பீடு நிறுத்தப்படும் என்ற கடிதங்கள் வந்தன. நவம்பரில் ஒபாமா தொலைக்காட்சி நேர்காணலில் அவர்களிடம் வருத்தம் தெரிவித்தார். டிசம்பரில்தான் 'ஆண்டின் பொய்' அறிவிப்பு வெளிவந்தது.

இதைக் கொண்டு ஜனநாயகக் கட்சிக்குச் சாய்ந்த தராசு இது என்று முடிவுகட்டினால், 2011ஆம் ஆண்டின் தேர்வு குறுக்கே நிற்கிறது. முதியோருக்கான 'மெடிகேர்' மருத்துவத் திட்டத்தைக் குடியரசுக் கட்சியினர் ஒழிக்க வாக்களித்தனர் என்று ஜனநாயகக் கட்சியினர் பரப்பினர். அவ்வாண்டின் பொய்யாக இதனையே பாலிட்டிஃபாக்ட் தேர்ந்தெடுத்தது. பால் ரயன் வகுத்த அத்திட்டம், அப்போது 55 வயதுக்குக் குறைந்திருந்தோருக்கு, அரசு நேரடியாக ஈடுசெய்யும் முறைக்குப் பதிலாகத் தனியார் காப்பீடு வாங்க உதவித்தொகை அளிப்பதாகும். பெயர் அப்படியே இருக்க, உட்பொருள் மாறினால், பழையது ஒழிந்ததா, தொடர்கிறதா? இது புள்ளிவிவரத்தால் தீரும் வழக்கன்று; 'ஒழித்தல்' என்ற ஒரு சொல்லின் பொருள் பற்றிய வழக்கு. இலக்கியம் பயில்வோர் ஓராண்டு வாதிடக்கூடிய இதனை முள் ஒன்று முடித்துவைத்தது. பொருளியல் அறிஞர் பால் குருக்மன் அப்போது கடுமையாகச் சாடினார். முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் குடியரசுக் கட்சியினரின் கூற்றுகளே 'ஆண்டின் பொய்' ஆகியிருந்தன. நடுநிலையாளர்போல் தோன்ற வேண்டியே இவ்வாறு செய்தனர் என்பது அவர் கருத்து. அவரும் ஒரு பக்கம் சார்ந்தவரே. எனினும் அவர் சுட்டிய சாய்வை நாம் எளிதில் புறக்கணிப்பதற்கில்லை. தராசு நேராகத் தோன்ற வேண்டும் என்ற ஆசையும் ஒரு கனமே. தட்டில் அதுவும் ஏறிவிடுகிறது.

இவ்வளவும் கூறியபின், சரிபார்ப்பே வேண்டாம் என்போருடன் நாம் உடன்படுவோமா? இல்லை. 2012 ஆகஸ்டில் மிட் ராம்னியின் பரப்புரைக் குழுவைச் சேர்ந்த ஒருவர், தம் பரப்புரையைச் சரிபார்ப்போர் ஆட்டிவைக்க விடமாட்டோம் என்று வெளிப்படையாகவே கூறினார். அதில் விமரிசனத்தின் ஒலியைவிடக் கணக்குக் கேட்கப்படுவதை வெறுக்கும் ஒலியே நமக்குக் கேட்கிறது. 2025 சனவரியில் மெட்டா நிறுவனம் அமெரிக்காவில் வெளியமைப்புகளின் சரிபார்ப்பைக் கைவிடுவதாக அறிவித்தபோதும் காரணமாகச் சொல்லப்பட்டது அவர்களின் அரசியல் சாய்வே. சாய்ந்த தராசைத் தூக்கியெறிந்துவிட்டால் சந்தையில் எடை சரியாகிவிடும் என்று எவரும் நம்பியதாகத் தெரியவில்லை.

நமக்கு மனத்தாங்கல் அந்த 2012ஆம் ஆண்டின் முத்திரையில்தான். அரசிதழில் கிடந்த அந்த 40 முதல் 67 விழுக்காட்டைத் தலைப்பாக்கி, 'பணியிடக் காப்பீடு உடையோர் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. தாமே வாங்கியோர் அஞ்சுவதற்கு இடமுண்டு' என்று இரண்டே வரி எழுதியிருக்கலாம். அதற்கு முள் தேவைப்பட்டிராது. வாக்குச்சாவடிக்குச் சென்றவர், தாம் எந்த வரியைச் சேர்ந்தவர் என்று தாமே அறிந்துகொண்டிருப்பார்.