யார் அசல் என்று கேட்பது யார்?

மாசி மாசம் காமன் பண்டிகை வந்தால் தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர்களில் லாவணி நடக்கும். மராட்டியர் ஆட்சியோடு வந்து இங்கே வேர் பிடித்த பாட்டு. மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. விடிய விடிய டேப்பு அடித்துக் கேள்வி போடுவார்கள், பதில் சொல்வார்கள். ‘நான் யாரு தெரியுமா, என் வாத்தியார் யாரு தெரியுமா’ என்று பீற்றிக்கொள்ளாமல் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. எதிராளியின் வாத்தியாரையும் சும்மா விடுவதில்லை.

சின்ன வயசில் நான் அதைக் கேட்டது பந்தலுக்கு வெளியே, வரப்பில் உட்கார்ந்து. எங்க ஆட்கள் பந்தக்கால் நட்டார்கள், பறையடித்தார்கள். பாட்டில் மட்டும் முறை வரவில்லை. பாடத் தெரியாமலா? எங்க அத்தைமார் நடவில் பாடினால் வயலே நிற்கும். ஆனால் அந்தப் பாட்டிலும் பெருமை ஆண்டையோடது. குதிரை அவரோடது, களஞ்சியம் அவரோடது. அடுத்தவன் பெருமையைப் பாடியே வாய் புளித்த சனம் நாம்.

அதனால் ராப் பாட்டில் வரும் ‘நான், நான்’ என்பதைத் திமிர் என்று சிலர் எழுதும்போது எனக்குச் சிரிப்புதான் வருகிறது. 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யில் அறிவு தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறார் என்று பாருங்கள். காரும் இல்லை, சங்கிலியும் இல்லை, அப்பன் பேர்கூட இல்லை. பாட்டியின் பேரைச் சொல்லி, அவளோட பேராண்டி என்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய கிழவி. தஞ்சாவூர்ச் சீமையிலிருந்தும் நம் சனம் அந்த மலைக்குப் போனதுதான்.

அந்தப் பாட்டுக்கு ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் 2021 ஆகஸ்ட் அட்டையில் பாடகி தீ இருந்தார், அறிவு இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகே அவருக்கு ஓர் அட்டை வந்தது. 2022 சூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் அவர் இல்லாமலே பாட்டு அரங்கேறியது. எழுதியதும் மெட்டுக் கட்டியதும் நானே என்றார் அறிவு. மூன்று பேருக்கும் சமபங்கு என்றார் சந்தோஷ் நாராயணன். பங்குக் கணக்கை நான் தீர்க்க முடியாது. ஆனால் உடனே ஒரு கூட்டம் சான்று கேட்டதே, அந்தக் குரல் எனக்குப் பழக்கம். சாதிச் சான்றுக்கு ஓர் ஆபீசில் நின்றபோது, ‘ஆளப் பாத்தா அப்படித் தெரியலயே’ என்றார் ஒருவர். அசலா என்ற கேள்வி பாட்டுக்காரர் எல்லாருக்கும் உண்டு. ஆளே அசலா என்ற கேள்வி சிலருக்குத்தான்.

ஜெர்மனியிலும் இப்படித்தான். 1992இல் ஹைடல்பர்க் நகரத்து அட்வான்ஸ்டு கெமிஸ்ட்ரி குழு, சொந்த நாட்டிலேயே அந்நியன் என்று தலைப்பிட்டு ஒரு பாட்டுப் போட்டது. அதே வருசம் ஸ்டுட்கார்ட் பையன்கள் நாலு பேர் ஒரு பெண்ணைப் பற்றிய வேடிக்கைப் பாட்டில் புகழ் பெற்றார்கள். எது அசல் ராப் என்று அங்கே பெரிய சண்டை. ஆனால் பாஸ்போர்ட் கையில் இருந்தும் ‘நீ எந்த ஊரு’ என்று கேட்கப்பட்டவர்கள் முதல் குழுதான்.

நம்மிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. இப்போது எங்க தெருப் பையன்களும் ராப் கட்டுகிறார்கள். சொல் நன்றாக விழுகிறது, பறை மாதிரி. எதிராளியை மடக்க வேண்டும் என்றால் மட்டும் அவன் அம்மாவை இழுக்கிறார்கள். ஏண்டா தம்பி என்றால், ‘ராப்புன்னா அப்படித்தான் சித்தப்பா, அதான் ஒரிஜினல்’ என்கிறான் ஒருத்தன். அவன் அம்மா அந்த நேரம் நடவில் நிற்கிறாள்.