‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்னும் இரண்டு வரி

மென்பொருள் தன்னைப் பயன்படுத்துகிறவரிடம் பேசும் வாக்கியங்களையும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. நாவலையும் கவிதையையும் விட அதிகம் பேர் படிப்பது அவற்றைத்தான். விண்டோஸ் திரையின் வலது கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் நிற்கும் இரண்டு வரி அப்படிப்பட்ட ஒன்று. முதல் வரி, விண்டோஸை ஆக்டிவேட் பண்ணு என்கிறது. இரண்டாவது வரி, அதற்கு செட்டிங்ஸுக்குப் போ என்கிறது. அவ்வளவுதான். எந்த ஜன்னலைத் திறந்தாலும் அதற்கு மேலே மிதக்கும். முழுத்திரையில் படம் ஓடினாலும் விடாது.

நண்பர்கள், உறவினர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இந்த வாசகத்தை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: ‘இது டூப்ளிகேட்டா?’ கம்ப்யூட்டர் வேலை செய்யாததைப் பற்றி யாரும் கேட்டதில்லை. ஏனென்றால் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டுமே ஆக்டிவேட் ஆகாவிட்டாலும் ஓடும், 11க்கு அப்டேட்டும் வரும். டெஸ்க்டாப் படம், நிறம் போன்ற அலங்காரங்களை செட்டிங்ஸ் வழியாக மாற்ற முடியாது, அவ்வளவே. அப்படியிருக்க ‘ஆக்டிவேட்’ என்ற சொல்லே பொருந்தாத சொல். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருப்பதை எதற்கு இயக்க வேண்டும்? உண்மையில் நடப்பது உரிமச் சரிபார்ப்பு. விற்றவருடைய கணக்குப் புத்தகத்தில் இந்த மெஷினுக்கு நேரே ஒரு டிக் விழவில்லை, அதுதான் விஷயம். அந்தக் கணக்குப் பிரச்சினையை வாங்கியவர் செய்ய மறந்த வேலை மாதிரி எழுதியிருக்கிறார்கள்.

சொல்லை விடுங்கள். என் பெரிய புகார் வேறு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல கோளாறுகளுக்கு இதே இரண்டு வரிதான் வருகிறது. காய்ச்சலுக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே மருந்துச் சீட்டு எழுதித் தருவது போல.

நான் அதிகம் பார்த்த கோளாறிலிருந்து தொடங்குகிறேன். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, பெரிய கம்பெனிகளின் லேப்டாப்களில் உரிமச் சாவி மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே எழுதப்பட்டு வருகிறது. எம்எஸ்டிஎம் என்ற பெயரில் ஒரு சின்ன அட்டவணை. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எறிந்தாலும் அது அங்கேயே இருக்கும். நம்மூரில் விற்கும் லேப்டாப்களில் ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ பதிப்புக்கான சாவி இருப்பது சகஜம். இரண்டு வருஷம் கழித்து மெஷின் மெதுவாகிறது. கடையில் கொடுத்து ஃபார்மேட் போடுகிறார்கள். கடைக்காரர் கையில் இருப்பது ‘ப்ரோ’ பதிப்பு உள்ள பென் டிரைவ். அதையே ஏற்றிவிடுகிறார். சாவி ஹோமுக்கு, பூட்டு ப்ரோவுக்கு, திறக்குமா? அன்றிலிருந்து இரண்டு வரி வாட்டர்மார்க்.

இந்த வீட்டுக்காரர் லைசென்ஸுக்குப் பணம் கொடுத்துவிட்டார், லேப்டாப் விலையோடு சேர்த்து. அவர் செய்ய வேண்டியது சரியான பதிப்பைத் திரும்ப ஏற்றுவது மட்டுமே. இன்டர்நெட் கிடைத்ததும் அது தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும், ஒரு எழுத்துகூட டைப் பண்ண வேண்டாம். ஆனால் இரண்டு வரியும் இதில் எதையும் சொல்லாது. அது காட்டும் வழியில் செட்டிங்ஸுக்குப் போனால் ஸ்டோரில் லைசென்ஸ் வாங்கும் பொத்தானும் கூடவே இருக்கும். ஏற்கெனவே வாங்கியவரை இன்னொரு தடவை வாங்க அழைக்கிறது. அந்த விலைக்குப் பயந்து, சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் யாரோ விற்கும் ‘ஒரிஜினல் கீ’யை வாங்குகிறவர்கள் உண்டு. இப்படி விற்கப்படும் பல சாவிகள் கம்பெனிகளுக்கான மொத்த ஒப்பந்தத்திலிருந்து கசிந்தவை. கொஞ்ச நாளில் முடக்கப்பட்டால் மறுபடி அதே இரண்டு வரி.

அடுத்த கோளாறு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவது. கம்பெனிகளுக்காக கேஎம்எஸ் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அலுவலக நெட்வொர்க்குக்குள் ஒரு செர்வர், அதனிடம் எல்லா மெஷின்களும் அனுமதி வாங்கிக்கொள்ளும். அந்த அனுமதி 180 நாள் செல்லும். ஏழு நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க முயற்சிக்கும். குறைந்தது 25 கம்ப்யூட்டர் கேட்டால்தான் செர்வர் வாயையே திறக்கும். சொந்த வீட்டில் இதற்கு இடமே இல்லை. ஆனாலும் வீட்டு மெஷின்களில் இது இரண்டு வழியாக நுழைகிறது. ஒன்று, கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்பைப் பழைய விலைக்கு வாங்குவது. அலுவலகத்தில் ஏற்றிய விண்டோஸ் அப்படியே இருந்தால், நெட்வொர்க்கை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து 180 நாள் எண்ணத் தொடங்கிவிடும். இன்னொன்று, கேஎம்எஸ் செர்வராகவே நடிக்கும் ஒரு சின்னத் திருட்டு நிரலைக் கடைக்காரரே போட்டுவிடுவது. ஆன்ட்டிவைரஸ் ஒருநாள் அதைப் பிடித்து அகற்றும். மிச்சமுள்ள நாள்கள் தீர்ந்ததும் வாசகம் தலைகாட்டும். உடனே கடையில் கிடைக்கும் ஆலோசனை: ‘ஆன்ட்டிவைரஸை ஆஃப் பண்ணிடுங்க சார்.’ பேங்க் பாஸ்வேர்டு போடும் அதே மெஷினில்! கோபம் வரத்தான் செய்கிறது.

இந்த இடத்தில் செட்டிங்ஸ் பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் பேசும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். என்ன பேசுகிறது? உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் செர்வரோடு தொடர்புகொள்ள முடியவில்லை, நிறுவனத்தின் நெட்வொர்க்கில் இணைந்து முயற்சி செய்யுங்கள் என்ற பொருளில். ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியர் இதைப் படிப்பதாக நினைத்துப் பாருங்கள். எந்த நிறுவனம்? அவருக்கு ஏது செர்வர்? ஆனால் நோயை அடையாளம் காட்டும் ஒரே வரி இதுதான். வீட்டுக் கம்ப்யூட்டர் ‘உங்கள் நிறுவனம்’ என்று பேசினால், உள்ளே இருப்பது வீட்டு லைசென்ஸ் இல்லை என்று அர்த்தம். ‘உங்கள் லைசென்ஸ் விரைவில் காலாவதியாகும்’ என்று வந்தாலும் அநேகமாக அதேதான். முன்னோட்ட, சோதனைப் பதிப்புகளை விட்டுவிட்டால், வீட்டுக்கு விற்கும் விண்டோஸ் லைசென்ஸுக்குக் காலாவதித் தேதி கிடையாது. மெஷினுக்கு இது தெரியும், தெரிந்தும் நேராகச் சொல்வதில்லை.

மற்ற கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மதர்போர்டு மாற்றினால் விண்டோஸ் 10, 11 அதைப் புது மெஷினாகவே எடுத்துக்கொள்ளும். ரேம், டிஸ்க் மாற்றினால் அப்படி இல்லை. கடையில் தனியாக வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸ் என்றால் புது போர்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு முன்பே இணைத்திருந்தால் ட்ரபிள்ஷூட் பொத்தான் உதவும். லேப்டாப்போடு வந்த லைசென்ஸ் என்றால் அந்தப் போர்டோடு போயிற்று. விண்டோஸ் 7, 8 சாவியைப் போட்டுப் புதிய விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் பழைய வழியும் 2023 செப்டம்பரில் மூடப்பட்டது. அப்புறம் சாதாரண சிஆர்2032 பட்டன் பேட்டரி. அது தீர்ந்தால் தேதி பழைய வருஷத்துக்குப் போகும். செர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று மெஷின் முடிவுகட்டும், ஆக்டிவேஷன் தோற்கும். 2எஃப்8எஃப் என்று முடியும் பிழைக்குறி வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். தீர்வு ஒரு பேட்டரி. அதற்கும் அதே இரண்டு வரிதான்.

விவரம் மெஷினிடம் இல்லை என்று சொல்ல முடியாது. கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து எஸ்எல்எம்ஜிஆர் என்ற கட்டளையை, இடைவெளி விட்டு, சாய்கோடு டிஎல்வி சேர்த்து (எல்லாம் ஆங்கில எழுத்தில்) கொடுங்கள். ஒரு பெட்டி வரும். அதில் சேனல் என்ற வரியில் ரீடெய்லா, ஓஇஎம்மா, வால்யூம் கேஎம்எஸ்ஸா என்று அச்சடித்தது போல இருக்கும். டிஎல்விக்குப் பதில் எக்ஸ்பிஆர் கொடுத்தால், நிரந்தரமா, தேதி குறித்த அனுமதியா என்று தெரியும். நான் யார் வீட்டில் பார்த்தாலும் முதலில் செய்வது இதைத்தான்; பாதி விசாரணை அதிலேயே முடிந்துவிடும். காரில் எரியும் எஞ்சின் விளக்கும் இப்படி ஊமைதான். ஆனால் அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து, எந்த மெக்கானிக்கும் படிக்கக்கூடிய பொதுக் குறியீட்டை அந்த விளக்குக்குப் பின்னால் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. விண்டோஸிலும் குறியீடு இருக்கிறது. ஆனால் முகப்பில் நிற்கும் வாசகத்தில் அதற்கு இடமில்லை.

வரலாற்றையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பி, ஆக்டிவேட் செய்யாவிட்டால் 30 நாளுக்குப் பிறகு உள்ளேயே விடாது. மெஷினின் எந்தெந்த உறுப்புகளை வைத்து அடையாளம் காண்கிறது என்று பெர்லினைச் சேர்ந்த ஃபுல்லி லைசென்ஸ்டு என்ற நிறுவனம் அதே வருஷம் ஜூலையில் பிரித்து எழுதியது. விஸ்டா இன்னும் மோசம். பிரவுசரை மட்டும் ஒரு மணி நேரம் தந்துவிட்டு வெளியே தள்ளும். 2008இல் வந்த முதல் சர்வீஸ் பேக் அந்தத் தண்டனையை எடுத்துவிட்டுக் கறுப்புத் திரையும் நினைவூட்டலும் வைத்தது. இன்றைய சாம்பல் வரி அந்தக் கிளையில் வந்தது. முன்னோர்களை விட சாது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் 2007 ஆகஸ்ட் கடைசியில் நடந்தது என்ன? தயாராகாத நிரலைத் தவறுதலாகச் சரிபார்ப்பு செர்வர்களில் ஏற்றிவிட்டார்கள். முறையாக வாங்கிய எக்ஸ்பி, விஸ்டா மெஷின்கள் பல மணி நேரம் ‘போலி’ ஆயின. 12,000க்கும் குறைவுதான் என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. 2018 நவம்பர் 8 அன்று விண்டோஸ் 10 ப்ரோ வாங்கியவர்களிடம், உங்களிடம் இருப்பது ஹோம் லைசென்ஸ் என்றது செர்வர். 2019 ஜனவரியில் கேஎம்எஸ் வழியே முறையாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 7 மெஷின்களுக்கு ‘உண்மையானதல்ல’ என்ற பட்டம் கிடைத்தது. மூன்று தடவையும் தப்பு செர்வர் பக்கம், மாற்றம் செய்தவர்கள் பக்கம். வாசகம் மட்டும் வாங்கியவரைப் பார்த்தே பேசியது. ‘எங்கள் பக்கம் கோளாறு இருக்கலாம்’ என்று சொல்ல அதற்கு ஒரு வாக்கியமே எழுதப்படவில்லை.

விவரம் சொன்னால் திருடுகிறவர்களுக்கு வசதியாகிவிடும் என்று ஒரு வாதம் கேட்டிருக்கிறேன். எனக்கு அது எடுபடவில்லை. திருட்டு நிரல் எழுதுகிறவருக்கு எஸ்எல்எம்ஜிஆர் மனப்பாடம். விவரம் இல்லாமல் கஷ்டப்படுவது அந்தத் தமிழாசிரியர்தான்.

மாற்றாக எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன். பதிப்பு மாறியிருந்தால்: ‘இந்த லேப்டாப்புக்கு ஹோம் பதிப்பின் லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் ப்ரோ பதிப்பு நிறுவப்பட்டுள்ளது. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.’ கேஎம்எஸ் என்றால்: ‘இங்கே நிறுவியிருப்பது நிறுவனங்களுக்கான லைசென்ஸ். இது உங்கள் சொந்தக் கம்ப்யூட்டர் என்றால், நிறுவிக் கொடுத்தவரைக் கேளுங்கள்.’ தேதி தப்பென்றால்: ‘உங்கள் கடிகாரம் தவறாக இருக்கலாம்.’ இதற்கான தகவல் எல்லாம் மெஷினிலேயே இருக்கிறது. செர்வர் கோளாறுக்கான வாசகம்தான் கஷ்டம், ஏனென்றால் செர்வர் தப்புச் செய்வது மெஷினுக்குத் தெரியாது. ஆனாலும் நேற்று வரை சரியாக இருந்த லைசென்ஸ், உறுப்பு எதுவும் மாறாமல், இன்று காலை செல்லாமல் போனால், ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு தினமும் மறுபடி கேட்டுப் பார்க்கலாம். அதற்குப் பத்து வரி நிரல் போதும்.